ஸ்டப் கோப்புகள்: லைப்ரரியைத் தொடாமல் எடிட்டருக்கு டைப் சொல்லித்தருதல்

பைத்தான் ஸ்டப் கோப்பு ஒரு மாட்யூலின் வெளித்தோற்றத்தை மட்டும் எழுதிவைத்த கோப்பு. எந்தெந்த ஃபங்ஷன் இருக்கிறது, அது எதை வாங்கும், எதைத் திருப்பித் தரும், கிளாஸுக்குள் என்னென்ன உண்டு என்பவை அதில் இருக்கும். வேலை செய்யும் வரி ஒன்றுகூட இருக்காது. மாட்யூல் கோப்பின் பெயர் .பிஒய் என்று முடிந்தால், ஸ்டப் கோப்பின் பெயர் .பிஒய்ஐ என்று முடியும். நிரல் ஓடும்போது பைத்தான் இதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. படிப்பவை எடிட்டரும் டைப் செக்கரும்தான். 2014-இல் எழுதப்பட்ட பெப் 484 என்ற பைத்தான் முன்மொழிவு இந்தக் கோப்பு வகையை வரையறுத்தது. 2017-இல் வந்த பெப் 561, இவற்றைப் பேக்கேஜாகக் கட்டி வெளியிடும் முறையை வகுத்தது.

நிரல் ஓடும்போது ஸ்டப் படிக்கப்படாததால் ஒரு வசதியும் ஓர் ஆபத்தும் சேர்ந்தே வருகின்றன. ஸ்டப்பில் என்ன எழுதினாலும் ஓடுகிற நிரல் கெடாது. ஆனால் தவறாக எழுதினாலும் ஓடும்போது யாரும் தடுக்கப்போவதில்லை. லைப்ரரி சரம் திருப்பித் தரும் இடத்தில் எண் என்று ஸ்டப்பில் இருந்தால், எடிட்டர் அதை அப்படியே நம்பி, தவறான வரிக்குப் பச்சைக்கொடி காட்டும். எழுதும் முறைக்குச் சமமாகச் சரிபார்க்கும் முறைக்கும் இந்த அத்தியாயத்தில் இடம் தரப்பட்டிருப்பது இதனால்தான்.

கட்டளைகளும் பைத்தானின் சொந்தச் சொற்களும் இங்கே ஒலிப்பின்படி அச்சிடப்பட்டுள்ளன. விசைப்பலகையில் அவற்றின் வழக்கமான எழுத்துகளையே அடிக்க வேண்டும். ஃபங்ஷன், கிளாஸ், மாறி ஆகியவற்றின் பெயர்கள் பைத்தான் 3-இல் தமிழிலேயே இருக்கலாம் என்பதால், எடுத்துக்காட்டில் அவை உண்மையாகவே தமிழ்ப் பெயர்கள்.

எப்போது தேவைப்படும்

மூன்று சூழல்களில் ஸ்டப் பயன்படும். முதலாவது, டைப் குறிப்பு இல்லாத பழைய லைப்ரரி. இரண்டாவது, சி அல்லது ரஸ்ட் மொழியில் எழுதிக் கட்டப்பட்ட லைப்ரரி. படிப்பதற்குப் பைத்தான் மூலமே இல்லாததால் எடிட்டருக்கு ஸ்டப்பை விட்டால் வேறு வழி குறைவு. மூன்றாவது, போடோ3 போல, ஓடும்போதே கிளாஸ்களை உருவாக்கிக்கொள்ளும் லைப்ரரி. அதன் மூலத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் எந்த மெத்தட் இருக்கும் என்பது எடிட்டருக்குத் தெரியவராது.

சொந்தத் திட்டத்தில் தானே எழுதும் பைத்தான் கோப்புக்கு ஸ்டப் வேண்டியதில்லை. அங்கே டைப் குறிப்பை நேரடியாக மூலத்திலேயே எழுதிவிடுவதுதான் நல்லது. ஒரே செய்தி இரண்டு கோப்புகளில் இருந்தால் ஒன்று என்றாவது பழசாகும்.

முதலில் தேடல்

பெரும்பாலான நேரம் ஸ்டப் ஏற்கெனவே எங்கோ இருக்கும். எழுத உட்காருவதற்கு முன் இந்த வரிசையில் பார்க்க வேண்டும்.

1. லைப்ரரியை இன்ஸ்டால் செய்த ஃபோல்டருக்குள் பை.டைப்டு என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது வெறுமையாகவே இருக்கும். அந்தப் பெயரே அடையாளம். இருந்தால், லைப்ரரி தன் டைப் குறிப்புகளைத் தானே சுமந்து வருகிறது என்று பொருள். தனி ஸ்டப் தேவையில்லை. லைப்ரரியின் பதிப்பு பழையதாக இருந்தால், புதிய பதிப்பில் இந்தக் கோப்பு சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

2. இல்லையென்றால் பைபிஐ தளத்தில் "டைப்ஸ்" என்ற முன்னொட்டோடு அதே பெயரில் பேக்கேஜ் உண்டா என்று தேட வேண்டும். டைப்ஷெட் என்ற பொதுத் தொகுப்பில் பலர் சேர்ந்து எழுதும் ஸ்டப்கள் இந்த முன்னொட்டோடுதான் வெளியாகின்றன. பைஒய்ஏஎம்எல் லைப்ரரிக்கு உரியது டைப்ஸ்-பைஒய்ஏஎம்எல்.

3. அதுவும் இல்லையென்றால் "-ஸ்டப்ஸ்" என்று முடியும் பேக்கேஜைத் தேட வேண்டும். பாண்டாஸ்-ஸ்டப்ஸ், ஜாங்கோ-ஸ்டப்ஸ் ஆகியவை நன்கு பராமரிக்கப்படுபவை.

4. மூன்றிலும் கிடைக்காதபோதே சொந்தமாக எழுதத் தொடங்க வேண்டும்.

குறிப்பு: இன்ஸ்டால் செய்யும் பெயரும் இம்போர்ட் செய்யும் பெயரும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. நிரலில் "இம்போர்ட் யாமல்" என்று இருக்கும். லைப்ரரியின் பெயரோ பைஒய்ஏஎம்எல். ஸ்டப் பேக்கேஜைத் தேடும்போது இன்ஸ்டால் பெயரைப் பயன்படுத்த வேண்டும். சொந்த ஸ்டப்புக்குப் பெயர் வைக்கும்போது இம்போர்ட் பெயரைப் பயன்படுத்த வேண்டும். புதியவர்கள் அரைநாளைத் தொலைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

டைப்ஷெட்டிலிருந்து வரும் பேக்கேஜின் பதிப்பு எண்ணில், லைப்ரரியின் எந்தப் பதிப்புக்கு அது எழுதப்பட்டது என்பது முன்பகுதியிலேயே இருக்கும். லைப்ரரி 5-ஆம் பதிப்பில் இருக்க, ஸ்டப் 6-ஆம் பதிப்புக்கானதாக இருந்தால், இல்லாத ஃபங்ஷனை எடிட்டர் இருப்பதாகக் காட்டும். இரண்டின் முதல் இரண்டு எண்களையாவது ஒப்பிட்டுப் பார்த்து இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

எடிட்டர் அமைதி, டெர்மினலில் பிழை

விஎஸ் கோடில் பைலான்ஸ் நீட்டிப்பு வழியாக வேலை செய்பவருக்கு ஒரு குழப்பம் அடிக்கடி வரும். எடிட்டரில் "இம்போர்ட் யாமல்" வரியில் டைப் தொடர்பான புகார் எதுவும் இல்லை. ஃபங்ஷன் பெயர்கள் அழகாக வந்து நிற்கின்றன. அதே திட்டத்தில் டெர்மினலில் மைபை என்ற டைப் செக்கரை ஓட்டினால், யாமலுக்கு ஸ்டப் இன்ஸ்டால் ஆகவில்லை என்று பிழை வருகிறது.

காரணம் எளிது. பைரைட் என்ற டைப் செக்கரும், அதன் மேல் கட்டப்பட்ட பைலான்ஸும், டைப்ஷெட்டில் உள்ள வெளி லைப்ரரி ஸ்டப்களின் பிரதியைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. மைபையும் ஒருகாலத்தில் அப்படித்தான் வைத்திருந்தது. 2021-இல் வெளியான 0.900 பதிப்பிலிருந்து பைத்தானின் சொந்த மாட்யூல்களுக்கான ஸ்டப்களை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் தனிப் பேக்கேஜ்களாக இன்ஸ்டால் செய்யச் சொல்கிறது. இரண்டு கருவியையும் பயன்படுத்தும் குழுவில் டைப்ஸ் பேக்கேஜைத் திட்டத்தின் சார்புப் பட்டியலில் சேர்த்துவிடுவதே தீர்வு. அது உருவாக்குநருக்கான சார்பு. சர்வரில் ஓடும் பதிப்புக்குத் தேவையில்லை.

மைபை இந்தப் பிழையைக் காட்டும்போது பலர் உடனே "இக்னோர் மிஸ்ஸிங் இம்போர்ட்ஸ்" என்ற அமைப்பைத் திட்டம் முழுதுக்கும் போட்டுவிடுகிறார்கள். சத்தம் அடங்கும், கூடவே பாதுகாப்பும் போகும். ஸ்டப் கிடைக்காத லைப்ரரியிலிருந்து வரும் எல்லாமே "எனி" ஆகிவிடும், அதாவது எதற்கும் பொருந்தும் டைப். அந்த அமைப்பு தேவைப்பட்டால் குறிப்பிட்ட மாட்யூலின் பெயரைச் சொல்லி அதற்கு மட்டும் போட வேண்டும்.

ஸ்டப் ஃபோல்டரை அமைத்தல்

இனிவரும் படிகளுக்கு எடுத்துக்காட்டாக, டைப் குறிப்பே இல்லாத "ரசீது" என்ற ஒற்றைக் கோப்பு லைப்ரரி பிப் மூலம் இன்ஸ்டால் ஆகியிருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அதில் பொருள் என்ற கிளாஸும், மொத்தம், தேடு என்ற இரண்டு ஃபங்ஷன்களும் உள்ளன.

1. திட்டத்தின் மேல்மட்ட ஃபோல்டரில் "டைப்பிங்ஸ்" என்ற பெயரில் புதிய ஃபோல்டரை உருவாக்க வேண்டும். கடைசியில் "எஸ்" இருப்பதைக் கவனிக்க வேண்டும். பைரைட்டும் பைலான்ஸும் எந்த அமைப்பும் இல்லாமலே தேடும் பெயர் அது.

2. அதற்குள் ரசீது.பிஒய்ஐ என்ற கோப்பை உருவாக்க வேண்டும். லைப்ரரி பல கோப்புகள் கொண்ட பேக்கேஜாக இருந்தால், ரசீது என்ற ஃபோல்டரும் அதற்குள் __இனிட்__.பிஒய்ஐ கோப்பும் வேண்டும். மூலத்தின் ஃபோல்டர் அமைப்பு எப்படியோ ஸ்டப்பின் அமைப்பும் அப்படியே இருக்க வேண்டும்.

3. மைபையும் பயன்பாட்டில் இருந்தால், பைபிராஜெக்ட்.டாம்ல் கோப்பில் மைபைக்கு உரிய பகுதியில் "மைபை_பாத்" என்பதற்கு டைப்பிங்ஸ் என்று எழுத வேண்டும். மைபை இந்த ஃபோல்டரைத் தானாகத் தேடாது. இந்தப் படியைத் தவறவிடுபவர்கள் அதிகம்.

4. பைசார்மில் வேலை செய்பவர்கள் டைப்பிங்ஸ் ஃபோல்டரை வலது சொடுக்கி, அதைச் "சோர்சஸ் ரூட்" என்று குறிக்க வேண்டும்.

5. விஎஸ் கோடில் கட்டளைப் பெட்டியைத் திறந்து "ரீஸ்டார்ட் லேங்குவேஜ் சர்வர்" கட்டளையைக் கொடுக்க வேண்டும். புதிய ஃபோல்டரை எடிட்டர் சில நேரம் உடனே கவனிப்பதில்லை.

ஸ்டப் வேலை செய்கிறதா என்பதைச் சோதிக்க எளிய வழி உண்டு. நிரலில் லைப்ரரியின் ஃபங்ஷன் பெயர்மேல் கர்சரை வைத்து "கோ டு டிக்ளரேஷன்" கொடுத்தால் .பிஒய்ஐ கோப்பு திறக்க வேண்டும். "கோ டு டெஃபனிஷன்" கொடுத்தால் பைலான்ஸ் உண்மையான மூலத்துக்கு அழைத்துச் செல்லும். இரண்டுக்கும் உள்ள இந்த வேறுபாடு தெரியாமல், ஸ்டப் எடுபடவில்லை என்று எண்ணி அமைப்புகளைக் கலைத்துப் போடுபவர்கள் உண்டு.

எச்சரிக்கை: டைப் குறிப்பை லைப்ரரி இன்ஸ்டால் ஆன ஃபோல்டரிலேயே போய்த் திருத்தக் கூடாது. அடுத்த பதிப்பு வந்து அமர்ந்ததும் அத்தனையும் அழிந்துவிடும். உடன் வேலை செய்பவரின் கணினிக்கும் அது போய்ச் சேராது. எடிட்டர் நீட்டிப்பின் உள் ஃபோல்டரில் இருக்கும் ஸ்டப்களுக்கும் இதே விதிதான்.

வரைவைக் கருவியிடமிருந்து எடுத்தல்

பெரிய லைப்ரரிக்கு முதல் வரியிலிருந்து கையால் எழுதுவது வீண் உழைப்பு. இரண்டு கருவிகள் வரைவு தரும்.

பைரைட்டில் "பைரைட் --கிரியேட்ஸ்டப் ரசீது" என்று கொடுத்தால் வரைவு டைப்பிங்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே வந்து சேரும். பைத்தான் மூலம் இருக்கும் லைப்ரரிக்கு இது பொருந்தும். சி மொழியில் கட்டிய லைப்ரரிக்கு இதனால் பயனில்லை.

மைபையோடு வரும் ஸ்டப்ஜென் மற்றொன்று. "ஸ்டப்ஜென் -எம் ரசீது -ஓ டைப்பிங்ஸ்" என்று கொடுக்க வேண்டும்; பேக்கேஜாக இருந்தால் "-எம்" இடத்தில் "-பி". "-ஓ" பகுதியை விட்டுவிட்டால் வரைவு "அவுட்" என்ற ஃபோல்டருக்குப் போய்விடும். சி லைப்ரரியை இது இம்போர்ட் செய்து உள்ளே பார்த்து வரைவு தரும்.

வரைவு கைக்கு வந்ததும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணுவதே இந்தத் துறையில் மிக அதிகமாக நடக்கும் தவறு. அதன் விளைவு விசித்திரமாக இருக்கும்: ஸ்டப் வந்தபின் எடிட்டர் முன்பைவிடக் குறைவாகவே உதவும். ஸ்டப் இல்லாதபோது பைரைட் லைப்ரரியின் மூலத்தைப் படித்து, ஃபங்ஷன் எதைத் திருப்பித் தரும் என்று முடிந்தவரை ஊகித்துக்கொள்ளும். ஸ்டப் கோப்பு ஒன்று வந்து நின்றதும் அது மூலத்தைப் பார்ப்பதை விட்டு ஸ்டப்பையே நம்பும். ஸ்டப்பிலோ ஃபங்ஷனின் உடல் இல்லை, டைப்பும் எழுதப்படவில்லை. ஊகிக்க எதுவுமே மிஞ்சாது. பைரைட் தரும் வரைவில், ஊகித்த டைப் சில வரிகளின் ஓரத்தில் கமெண்ட்டாக எழுதப்பட்டிருக்கும். அது மனிதருக்கான துப்பு மட்டுமே. கமெண்ட்டைக் கருவி படிக்காது. சரியென்று உறுதியானதை உண்மையான டைப் குறிப்பாக மாற்றி எழுத வேண்டும்.

ஆகவே வரைவை எடுத்த அன்றே திருத்த நேரம் இல்லையென்றால், அதைத் திட்டத்தில் சேர்க்காமல் இருப்பதே மேல்.

திருத்தி எழுதுதல்

ரசீது லைப்ரரிக்கு முடிந்த ஸ்டப் இப்படி இருக்கும்:

ஃப்ரம் கலெக்ஷன்ஸ்.ஏபிசி இம்போர்ட் இட்டரபிள்
ஃப்ரம் டெசிமல் இம்போர்ட் டெசிமல்

கிளாஸ் பொருள்:
    பெயர்: எஸ்டிஆர்
    விலை: டெசிமல்
    டெஃப் __இனிட்__(செல்ஃப், பெயர்: எஸ்டிஆர், விலை: டெசிமல்) -> நன்: ...

டெஃப் மொத்தம்(பொருட்கள்: இட்டரபிள்[பொருள்], தள்ளுபடி: டெசிமல் | நன் = நன்) -> டெசிமல்: ...
டெஃப் தேடு(பெயர்: எஸ்டிஆர்) -> பொருள் | நன்: ...

ஒவ்வொரு ஃபங்ஷனின் உடலும் மூன்று புள்ளிகள்தான். அது சுருக்கக் குறி என்று எண்ணிவிடக் கூடாது. பைத்தானில் அதுவே முழுமையான வரி. கோப்பில் பின்னால் வரும் கிளாஸின் பெயரை முன்னால் பயன்படுத்தினாலும் மேற்கோள் குறிக்குள் போட வேண்டியதில்லை. இரண்டு டைப்களுக்கு இடையே செங்குத்துக் கோடு போடும் முறை பைத்தான் 3.10-இல்தான் வந்தது, ஆனால் ஸ்டப் ஓடாத கோப்பு என்பதால், பழைய பைத்தானில் ஓடும் திட்டத்தின் ஸ்டப்பிலும் அதைப் பயன்படுத்தலாம்.

திருத்தும் வரிசை:

1. திட்டம் உண்மையில் அழைக்கும் ஃபங்ஷன்களை முதலில் எழுத வேண்டும். நூறு ஃபங்ஷன்கள் உள்ள லைப்ரரியில் பத்துதான் பயன்பாட்டில் இருக்கும்.

2. ஒவ்வொன்றுக்கும் மூலத்தையும் ஆவணத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆவணம் எழுதியவர் மறந்த "நன்" மூலத்தில் ஒளிந்திருக்கும். மேலே உள்ள "தேடு" ஃபங்ஷன் பொருள் கிடைக்காவிட்டால் நன் தருகிறது. ஸ்டப்பில் அதை விட்டுவிட்டால், கிடைத்ததா என்று சோதிக்காமல் விலையைக் கேட்கும் வரியை எடிட்டர் தடுக்காது. கடையில் ரசீது போடும் நேரத்தில் நிரல் விழும்.

3. வாங்கும் இடத்தில் அகலமான டைப்பையும், தரும் இடத்தில் குறுகிய டைப்பையும் எழுத வேண்டும். மொத்தம் ஃபங்ஷன் பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டுகிறது, அவ்வளவுதான். அதற்கு லிஸ்ட் வேண்டும் என்று எழுதினால் டியூப்பிள் கொடுப்பவர் காரணமில்லாமல் பிழை பெறுவார். இட்டரபிள் என்று எழுதினால் எல்லாம் பொருந்தும். திருப்பித் தருவது லிஸ்ட் என்றால் லிஸ்ட் என்றே சொல்லிவிட வேண்டும்.

4. அளபுருக்களின் பெயர்களை மூலத்தில் உள்ளபடியே வைக்க வேண்டும். பைத்தானில் பெயர் சொல்லி மதிப்பு கொடுக்கும் வழக்கம் உண்டு என்பதால், ஸ்டப்பில் பெயரை அழகுபடுத்தினால் சரியான அழைப்பு பிழையாகவும் தவறான அழைப்பு சரியாகவும் தெரியும்.

5. எழுதாமல் விட்ட பகுதிக்கு வழி செய்ய வேண்டும். ஸ்டப்பில் இல்லாத பெயரை நிரல் பயன்படுத்தினால், லைப்ரரியில் அது இருந்தாலும் எடிட்டர் "அப்படி ஒன்று இல்லை" என்றே சொல்லும். பாதி எழுதிய ஸ்டப்பின் கடைசியில், மாட்யூல் மட்டத்தில் __கெட்ஆட்ர்__ என்ற ஃபங்ஷனைச் சேர்த்து, அது பெயரைச் சரமாக வாங்கி "எனி" தருவதாக எழுதினால், விடுபட்ட பெயர்கள் பிழையில்லாமல் கடந்துபோகும். முழு ஸ்டப்பும் எழுதி முடிந்ததும் அந்த வரியை மறக்காமல் நீக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுத்துப்பிழையோடு அழைத்த பெயரும் கேள்வியில்லாமல் கடந்துபோகும்.

கொடுக்கும் மதிப்பைப் பொறுத்துத் திருப்பித் தரும் டைப் மாறும் ஃபங்ஷன்கள் தனிக் கவனம் கேட்பவை. பைத்தானின் சொந்த "ஓப்பன்" ஃபங்ஷனே நல்ல எடுத்துக்காட்டு. "ஆர்" முறையில் திறந்தால் உரைக் கோப்பாகவும், "ஆர்பி" முறையில் திறந்தால் பைட் கோப்பாகவும் அது கிடைக்கிறது. டைப்ஷெட்டில் இந்த ஒரு ஃபங்ஷனுக்கு "ஓவர்லோட்" அலங்காரத்தோடு பல வரிகள் உள்ளன. முறையின் பெயர் "லிட்டரல்" டைப்பாக ஒவ்வொன்றிலும் எழுதப்பட்டிருக்கிறது. ஸ்டப் எழுதிப் பழக விரும்புபவர் அந்தக் கோப்பைத் திறந்து வரி வரியாகப் படிப்பது எந்தப் பாடத்தையும்விட உதவும். ஓவர்லோட் எழுதும்போது குறுகிய வரி மேலேயும் அகலமான வரி கீழேயும் வர வேண்டும். பொருந்தும் முதல் வரியையே கருவி எடுத்துக்கொள்வதால், வரிசை மாறினால் கீழே உள்ளது ஒருபோதும் எடுபடாது.

டைப் கண்டிப்பாகத் தெரிந்தும் அதை அப்படியே எழுதக் கூடாத இடமும் ஒன்று உண்டு. ரெகுலர் எக்ஸ்பிரஷன் பொருத்தத்தில் கிடைக்கும் மேட்ச் பொருளின் "குரூப்" மெத்தட் சரம் தரும், அரிதாக நன் தரும். அதை "சரம் | நன்" என்று எழுதினால் சரியாக எழுதிய பல்லாயிரம் நிரல்களில் தேவையற்ற பிழை வரும். ஆகவே டைப்ஷெட்டில் அது "சரம் | எனி" என்ற வகையில் எழுதப்பட்டது. நன் எப்போது வரும் என்பது அழைப்பவருக்கே முன்கூட்டித் தெரிந்திருக்கும் இடங்களுக்கு மட்டும் இந்த உத்தி. "தேடு" போல, கிடைக்காமல் போவது அன்றாடம் நடக்கும் இடத்தில் நன் என்று வெளிப்படையாகவே எழுத வேண்டும்.

இம்போர்ட் வரிகளுக்கும் ஸ்டப்பில் தனி விதி இருக்கிறது. ஸ்டப்புக்குள் இம்போர்ட் செய்த பெயர் வெளியே தெரியாது. துணை மாட்யூலில் உள்ள கிளாஸை மேல்மட்டப் பெயரில் வெளியிடும் லைப்ரரியாக இருந்தால், "ஃப்ரம் .பொருள்கள் இம்போர்ட் பொருள் ஆஸ் பொருள்" என்று அதே பெயரை இரண்டு முறை எழுத வேண்டும். பார்வைக்குத் தேவையற்றது போலத் தோன்றும் அந்த "ஆஸ்" இல்லாவிட்டால், அந்தப் பெயர் வெளியிடப்படவில்லை என்று எடிட்டர் புகார் சொல்லும்.

சரிபார்த்தல்

மைபையோடு வரும் ஸ்டப்டெஸ்ட் இதற்காகவே செய்யப்பட்டது. அது லைப்ரரியை உண்மையாகவே இம்போர்ட் செய்து, ஸ்டப்பில் உள்ளதோடு ஒப்பிடும்.

1. லைப்ரரியும் மைபையும் ஒரே விர்ச்சுவல் என்விரான்மென்டில் இன்ஸ்டால் ஆகியிருக்க வேண்டும்.

2. லினக்ஸ், மேக் டெர்மினலில் "மைபைபாத்=டைப்பிங்ஸ் ஸ்டப்டெஸ்ட் ரசீது" என்று கொடுக்க வேண்டும். இங்கே மைபைபாத் என்பது சூழல் மாறி; அதைப் பெரிய எழுத்துகளில் அடிக்க வேண்டும்.

3. வரும் பட்டியலை மேலிருந்து ஒவ்வொன்றாகத் தீர்க்க வேண்டும். ஸ்டப்பில் இருந்து லைப்ரரியில் இல்லாத பெயர், லைப்ரரியில் இருந்து ஸ்டப்பில் இல்லாத பெயர், மாறிப்போன அளபுருப் பெயர், விடுபட்ட இயல்பு மதிப்பு ஆகியவை அதில் வரும்.

4. தெரிந்தே விட்ட வேறுபாடுகளை ஒரு கோப்பில் எழுதி "--அலவ்லிஸ்ட்" மூலம் கொடுத்தால், அடுத்த முறை அவை பட்டியலில் வராது.

ஸ்டப்டெஸ்ட் பிடிக்காத தவறும் இருக்கிறது. மொத்தம் ஃபங்ஷன் டெசிமல் தருகிறதா ஃப்ளோட் தருகிறதா என்பதை அது சொல்லாது, ஏனென்றால் அது ஃபங்ஷனை அழைத்துப் பார்ப்பதில்லை. அதற்குக் கையால் ஒரு சிறு சோதனை வேண்டும். தனிக் கோப்பில் மொத்தம் ஃபங்ஷனை அழைத்து, விடையை "ரிவீல்_டைப்" என்பதற்குள் போட்டால், தான் நம்பும் டைப் எது என்பதை எடிட்டர் அந்த வரியிலேயே காட்டும். பிறகு அதே அழைப்பைப் பைத்தானில் ஓட்டி, சாதாரண "டைப்" ஃபங்ஷனால் உண்மை டைப்பை அச்சிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் அந்த வரி முடிந்ததாகும். முக்கியமான ஃபங்ஷன்கள் ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்துவிட வேண்டும்.

குறிப்பு: இம்போர்ட் செய்யாத ரிவீல்_டைப் டைப் செக்கருக்கு மட்டும் தெரிந்த பெயர். அதை அப்படியே விட்டுவைத்து நிரலை ஓட்டினால் பிழை வந்து நிற்கும். பார்த்த உடனே வரியை அழித்துவிட வேண்டும்.

அடிக்கடி வரும் செய்திகள்

"ஸ்டப் கிடைத்தது, மூலம் கிடைக்கவில்லை" என்ற பொருளில் இம்போர்ட் வரியின் கீழ் மஞ்சள் நெளிகோடு வந்தால், ஸ்டப் இருக்கிறது, லைப்ரரி இன்ஸ்டால் ஆகவில்லை என்று பொருள். ஆட்டோகம்ப்ளீட் நன்றாக வேலை செய்வதால் இந்தக் கோட்டைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஓட்டும்போது மாட்யூல் இல்லை என்று நிரல் நின்றுவிடும். எடிட்டர் வேறொரு என்விரான்மென்டைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் இதே செய்தி வரும். விஎஸ் கோடின் கீழ் ஓரத்தில் தெரியும் பைத்தான் பதிப்பைச் சொடுக்கி, சரியான என்விரான்மென்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"ஸ்டப் கோப்பு கிடைக்கவில்லை" என்ற செய்தி பைரைட்டின் கண்டிப்பான முறையில்தான் இயல்பாக வரும். மற்ற முறைகளில் அது அணைந்திருக்கும்.

எந்தச் செய்திக்கும் காரணம் பிடிபடாவிட்டால், டெர்மினலில் "பைரைட் --வெர்போஸ்" ஓட்டினால் எந்தெந்தப் பாதையில் தேடுகிறது என்பது வரும். பைபிராஜெக்ட்.டாம்ல் கோப்பில் எழுதிய பைரைட் அமைப்பு எடுபடாமல் இருந்தால், அதே ஃபோல்டரில் பைரைட்கான்ஃபிக்.ஜேசன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் இருந்தால் பின்னதே செல்லும்.

ஸ்டப்பில் மட்டும் உள்ள பெயரை நிரலில் இம்போர்ட் செய்வதும் பொதுவான தவறு. டைப்ஷெட்டின் உள் மாட்யூலான "_டைப்ஷெட்" எடிட்டருக்குத் தெரியும், பைத்தானுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட பெயர் குறிப்புக்காகத் தேவைப்பட்டால், இம்போர்ட் வரியை "இஃப் டைப்_செக்கிங்" பகுதிக்குள் வைத்து, பயன்படுத்தும் இடத்தில் டைப்பை மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும்.

பாதுகாப்பு

ஸ்டப் கோப்பு ஓடாது. ஆனால் ஸ்டப்பைச் சுற்றியுள்ள கருவிகள் ஓடும். ஸ்டப்டெஸ்ட் லைப்ரரியை இம்போர்ட் செய்கிறது. ஸ்டப்ஜெனும் பல நேரம் செய்கிறது. இம்போர்ட் ஆகும்போதே தரவுத்தளத்தைத் தொடும், கோப்பை எழுதும், வலைத் தொடர்பு திறக்கும் பழைய மாட்யூல்கள் நிறைய உண்டு. அத்தகைய லைப்ரரிக்கு உண்மைத் தரவுத்தளத்தின் கடவுச்சொல் இல்லாத தனி என்விரான்மென்டில்தான் இவற்றை ஓட்ட வேண்டும். ஸ்டப்ஜெனுக்கு "--நோ-இம்போர்ட்" என்று சேர்த்துக் கொடுத்தால் அது மூலத்தை வாசிப்பதோடு நின்றுகொள்ளும். அப்போது சி லைப்ரரிகளுக்கு வரைவு கிடைக்காது.

இரண்டாவது கவனம் பெயரில். பைபிஐ தளத்தில் பேக்கேஜ் பெயரை யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். புகழ்பெற்ற பெயரோடு ஓர் எழுத்து மாற்றிப் பதிவு செய்து ஏமாற்றுவது பழைய உத்தி. "டைப்ஸ்" என்ற முன்னொட்டு இருப்பது மட்டும் நம்பகத்துக்குச் சான்றாகாது. பேக்கேஜின் பக்கத்தில் மூலக் களஞ்சியம் டைப்ஷெட்டைச் சுட்டுகிறதா என்று பார்த்தபின் இன்ஸ்டால் செய்ய வேண்டும். மைபையின் "--இன்ஸ்டால்-டைப்ஸ்" தேவையான ஸ்டப்களைத் தானே பட்டியலிட்டு அனுமதி கேட்கும். "--நான்-இன்டராக்டிவ்" சேர்த்தால் கேட்காமலே இன்ஸ்டால் செய்துவிடும். தானியங்கிச் சோதனைச் சர்வரில் இதைவிட, பதிப்பு எண்ணோடு சார்புப் பட்டியலில் எழுதிவைப்பதே பாதுகாப்பு.

பராமரித்தலும் நீக்குதலும்

டைப்பிங்ஸ் ஃபோல்டரைத் திட்டத்தின் மற்றக் கோப்புகளோடு கிட்டில் சேர்க்க வேண்டும். லைப்ரரியின் பதிப்பை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் ஸ்டப்டெஸ்டை மறுபடி ஓட்ட வேண்டும். தானியங்கிச் சோதனையில் அதை ஒரு படியாகச் சேர்த்துவிட்டால் நினைவில் வைத்திருக்கும் பாரம் இல்லை. ஸ்டப்பின் முதல் வரியில் எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று கமெண்ட் போட்டுவைப்பது அடுத்து வருபவருக்கு உதவி.

லைப்ரரியின் புதிய பதிப்பு பை.டைப்டு கோப்போடு வந்துவிட்டால் சொந்த ஸ்டப்பை நீக்கிவிட வேண்டும். சொந்த ஃபோல்டரில் உள்ளதற்கே கருவிகள் முதலிடம் தருவதால், அது இருக்கும்வரை லைப்ரரி ஆசிரியர்கள் எழுதிய சரியான குறிப்புகள் மறைந்தே கிடக்கும். நீக்கும் முறை:

1. டைப்பிங்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த லைப்ரரிக்கு உரிய .பிஒய்ஐ கோப்பை அழிக்க வேண்டும்.

2. டைப்ஸ் அல்லது ஸ்டப்ஸ் பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகியிருந்தால், பிப் மூலம் அதையும் நீக்கிச் சார்புப் பட்டியலிலிருந்தும் எடுக்க வேண்டும்.

3. லேங்குவேஜ் சர்வரை மறுபடி தொடங்கி, பைரைட்டையும் மைபையையும் திட்டம் முழுதுக்கும் ஒருமுறை ஓட்ட வேண்டும்.

4. புதிதாக வரும் பிழைகளை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். சொந்த ஸ்டப் தவறாகச் சொல்லி மறைத்துவைத்திருந்த உண்மையான பிழைகள் பல நேரம் அவற்றில் இருக்கும்.